கன்னத்தில் ஒரு கறுப்புக் கட்டம்

என் மருமகள் இதுவரை அழித்த முகப்பருக்களை எல்லாம் ஓரிடத்தில் கொட்டினால் மலையாக எழும்பும். அதன் உச்சியில் ஏறி நின்றால் கடல் தெரியும். மலை என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்குக் கீழே இறங்க மாட்டேன்.

அவள் வேலை அதுதான். ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த படங்களை வாங்கி, கம்ப்யூட்டரில் போட்டு, முகங்களைத் துடைத்துக் கொடுப்பாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், பல்லில் மஞ்சள், சட்டைக் காலரில் அழுக்கு எல்லாம் அவள் கை பட்டதும் மாயமாகிவிடும். எங்கள் ஊரில் யார் வீட்டுச் சுவரில் யார் பளிச்சென்று சிரித்தாலும் அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கால்பங்கு உண்டு. ஆனால் அந்த ஆட்கள் தெருவில் எதிரே வந்தால் அவளுக்கு அடையாளம் தெரியாது. அவள் திருத்தி அனுப்பிய முகத்தோடு எவரும் வெளியே நடமாடுவதில்லை அல்லவா!

"பருவெட்டி" என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் என் மகன்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் ஏதாவது ஒரு கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருப்பான். "நான் ஜனங்களை மேலே ஏத்தறேன், இவ மூஞ்சியை மேலே ஏத்தறா" என்பான். அவள் திரும்ப மாட்டாள். திரையைப் பார்த்துக்கொண்டே, "உங்க பிள்ளைக்கு வலது புருவத்துல நாலு முடி தப்பா வளர்ந்திருக்கு அத்தை, தூங்கும்போது எடுத்துடறேன்" என்பாள். அவன் புருவத்தைத் தடவிக்கொண்டு நழுவிவிடுவான்.

மருமகள் படித்தது கணக்கு. கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஸ்டுடியோவில் கவுண்டரில் உட்கார்ந்து, விண்ணப்பங்களுக்கு ஒட்டும் சின்னப் படங்களை உறையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். படம் திருத்துகிறவர் ஒருநாள் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வாடிக்கையாளர்கள் வாசலில் கத்தினார்கள். இவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போது துணிமணிப் பெட்டியைத் தன் மாமனார் கையில் கொடுத்துவிட்டு, மானிட்டரை மட்டும் தானே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையைக் கொண்டுவருவதுபோல அதற்கு ஒரு போர்வை வேறு.

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். ஜன்னலுக்குத் தடித்த திரை. மானிட்டருக்குப் பின்னால் இருக்கிற சுவருக்குச் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னாள். "துக்க வீடு மாதிரி இருக்கே" என்றேன். "பளிச்சுனு இருந்தா கண்ணு ஏமாந்துடும் அத்தை. சாம்பல்னாதான் தோலோட நிறம் உண்மையாத் தெரியும்" என்றாள். நான் சிவப்புச் சால்வையோடு அவளுக்குப் பின்னால் போய் நின்றால் திரும்பாமலே, "அத்தை, மணப்பெண்ணுக்கு ஜுரம் வந்துடுச்சு" என்பாள். என் சால்வையின் சாயல் திரையில் விழுந்து பெண்ணின் முகம் சிவந்துவிடுமாம். நான் பேசாமல் சால்வையைக் கழற்றிவிட்டு வந்து நிற்பேன். வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியுமா?

அவளிடம் ஒரு பழக்கம். படம் திரையில் வந்ததும் முதலில் கைதான் போகும், மூளை பிறகுதான் வரும். பக்கத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்துக் கறையின்மேல் பூசிவிடுகிற பிரஷ் ஒன்று அந்த மென்பொருளில் இருக்கிறது. அதை எடுத்துப் பொட்டுப் பொட்டென்று தட்டிக்கொண்டே போவாள். நாம் சட்டையில் ஒட்டிய நூலைப் பேச்சுவாக்கில் எடுத்துப்போடுவோமே, அதைப்போல. யார், எவர், எதற்குப் படம் என்பதெல்லாம் அப்புறம். இந்தக் கதைக்கு அந்தக் கை முக்கியம்.

அந்தக் கைக்கு வேகம் போதவில்லை என்று என் மகனுக்குத் தோன்றியது. அவளா கேட்டாள்? இல்லை. அவனாகவே ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டை நண்பனிடமிருந்து கொண்டுவந்தான். திரையில் படத்தை வரைந்து காட்டுகிற வேலையை மட்டும் தனியாகத் தலையில் தூக்கிச் செய்கிற அட்டை அது. அதுவரை கம்ப்யூட்டரின் மூளை எல்லா வேலைகளோடும் சேர்த்து அதையும் இழுத்துப் பறித்துச் செய்துகொண்டிருந்ததாம். "இனிமே பறக்கும் பாரு" என்று மாட்டிவிட்டு லிஃப்ட் பார்க்கப் போனான்.

பறந்தது உண்மை. ஆனால் பறக்கும்போது சிறகுகள் உதிர்ந்தன. திரையில் பச்சைக் கோடுகள் ஓடின. ஒரு மாப்பிள்ளையின் மூக்கு ஒரு கட்டம் தள்ளிப் போய்க் காதோரம் உட்கார்ந்தது. வானத்தில் கறுப்புச் சதுரங்கள் தோன்றி, தொட்டதும் மறைந்தன. அவள் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டாள். மானிட்டர் கேபிளைக் கழற்றி மாற்றினாள். அந்தக் கார்டை இயக்குகிற மென்பொருளைப் புதிதாக இறக்கி நிறுவினாள். கொஞ்சம் அடங்கும், மறுபடி தலைகாட்டும். "நீங்க மாட்டினதை நீங்களே கழட்டுங்க" என்றாள் அவனிடம். "ஞாயித்துக்கிழமை பாக்கறேன்" என்றான் அவன். மெக்கானிக் வீட்டில் எதுவும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சரியாகாது. அவள் பழகிக்கொண்டாள். கட்டம் வந்தால் பிரஷ்ஷால் ஒரு தட்டு, போய்விடும். அத்தோடு வேலையைப் பார்ப்பாள்.

அப்படிப் பழகியிருந்த ஒரு மதியத்தில் ஸ்டுடியோக்காரரிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, கையில என்ன வேலை இருந்தாலும் கீழ வை. ஒருத்தரைக் காணோம்."

காணாமல் போனவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஊரின் மறுகோடியில் மகளோடு இருக்கிறவர். எங்களுக்கு முன்பின் தெரியாது. கொஞ்ச காலமாக அவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது. பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவாராம். ஏறி, பயணிகளிடம் டிக்கெட் கேட்பாராம். தெரிந்த ஓட்டுநர்கள் பக்குவமாக வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். அன்றைக்கு அப்படி யாரும் கொண்டுவந்து விடவில்லை.

மகள் மருத்துவமனையில் நர்ஸ். அவளே போனில் வந்தாள். குரல் நடுங்கவில்லை, நடுங்காமல் இருப்பதற்கு அவள் படுகிற பாடு கேட்டது.

"அவருக்குச் சர்க்கரை இருக்குங்க. மதியம் ஊசி போட்டேன். ஊசி போட்டா உடனே சாப்பிட்டாகணும். தட்டுல சாப்பாடு எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம். சாப்பிடாம இருந்தா சர்க்கரை இறங்கிக்கிட்டே போகும். வேர்க்கும், உளறுவார், அப்புறம் மயக்கம். பார்க்கறவங்க குடிச்சிருக்கார்னு நினைச்சு ஒதுங்கிப் போயிடுவாங்க. இருட்டறதுக்குள்ள கிடைக்கணுங்க. அதுக்கு மேல தாங்க மாட்டார்."

"படம் அனுப்புங்க அக்கா. இப்பவே போஸ்டர் பண்ணிடறேன்."

"நல்ல படமே இல்ல. ஒரு விருந்துல எடுத்தது. கூட்டத்துல இருக்கார், ஒரே இருட்டு."

படம் வந்தது. அதை அவள் போனில் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். நான் சால்வையைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன். வரிசையாக உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து கண்டக்டரை மட்டும் வெட்டி எடுத்தாள். இருட்டை ஏற்றினாள். முகம் மெல்லத் துலங்கியது. ஒடுங்கிய தாடை, பெரிய காது, எதையோ எண்ணிக்கொண்டிருப்பவர்போல் பாதி மூடிய கண்கள். இடது கன்னத்தில் ஒரு கறுப்புக் கட்டம்.

"அனுப்பும்போது கெட்டுப் போயிருக்கு" என்று அவள் முணுமுணுத்தாள். கை போயிற்று. நெற்றித் தோலைக் கொஞ்சம் எடுத்தாள், கன்னத்தில் ஒரு தட்டு. கட்டம் போயிற்று. கன்னம் சுத்தம்.

எழுத்துகளைப் போட்டு அனுப்பினாள். நர்ஸ் ஸ்கூட்டரில் போய்க்கொண்டே பார்த்தாளாம். "சரிங்க, சரிங்க, போட்டுடுங்க" என்றாள். ஸ்டுடியோக்காரர் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தனுப்பினார். பஸ் ஓட்டுநர்களின் போன்களுக்கெல்லாம் அந்தப் படம் போய்ச் சேர்ந்தது. என் மருமகள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் கைகளைச் சொடுக்கிக்கொண்டாள். நான் அவளுக்குக் காப்பி கலந்து கொடுத்தேன். அவள் குடித்தாள். இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டோமே என்று எங்களுக்கு ஒரு திருப்தி.

வெயில் சுவரை விட்டு இறங்கிய நேரத்தில் நர்ஸ் மறுபடி அழைத்தாள். மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிடைச்சுட்டாரா அக்கா?"

"மச்சத்தை எடுக்கச் சொன்னது யாருங்க?"

"எந்த மச்சம்?"

"எங்கப்பா கன்னத்துல இருக்கிற மச்சம். இடது பக்கம். கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பா இருக்கும். அதை யார் எடுக்கச் சொன்னது உங்களை?"

மருமகள் திரையின் பக்கம் திரும்பினாள். நர்ஸ் நிறுத்தவில்லை.

"ஒரு ஓட்டுநர் இப்பதான் போன் பண்ணாரு. அவர் பஸ்ல ஒருத்தர் டிக்கெட் கேட்டுக்கிட்டு வந்திருக்கார். வேர்த்து ஊத்திக்கிட்டு. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, உங்க போஸ்டரை முகத்துக்கிட்ட வச்சுப் பார்த்திருக்கார். அவருக்கு மச்சம் இருக்கு, படத்துல இல்ல. வேற ஆள்னு பாலத்துக்கிட்ட இறக்கி விட்டுட்டார். இறக்கி விட்டு ரொம்ப நேரமாச்சாம். மனசு கேக்காம இப்ப கூப்பிட்டுச் சொல்றார்."

"நீங்க பார்த்துட்டுத்தானே அக்கா சரின்னீங்க?"

கேட்ட நொடியிலேயே மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஸ்கூட்டரை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நர்ஸ் தணிந்த குரலில் சொன்னாள்:

"எங்க வீட்ல மாட்டியிருக்கிற எல்லாப் படத்துலயும் அவருக்கு மச்சம் கிடையாது. ஸ்டுடியோவுக்குப் போனா முதல்ல அதை எடுக்கச் சொல்லுவார். போட்டோன்னா அவர் முகம் அப்படித்தான்னு எனக்குப் பழகிப்போச்சு. நீங்க அனுப்பினதும் எனக்கு வித்தியாசமா தெரியல. ஆனா நான் அனுப்பின படத்துல மச்சம் இருந்துச்சே."

"இல்லக்கா. சத்தியமா இல்ல. ஒரு கறுப்புக் கட்டம்தான் இருந்துச்சு. இருங்க, திறந்து பாக்கறேன்."

முதலில் வந்த படத்தைத் திறந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். இருட்டு முகம், அதன் இடது கன்னத்தில் அதே கட்டம். சதுரமாக, ஓரம் வெட்டினாற்போல்.

"கட்டம்தான் இருக்கு அக்கா. இப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கட்டமா? எங்கப்பா மூஞ்சியில கட்டமா? அவர் எங்க விழுந்து கிடக்கறாரோன்னு நான் தெருத்தெருவா ஓடறேன், நீங்க கட்டம்கிறீங்க."

போன் அறுந்தது.

மருமகள் போனை மேசைமேல் வைத்தாள். கன்னத்தைப் பெரிதாகப் பார்ப்பதற்காகப் படத்தைப் பிடித்து நடுவுக்கு இழுத்தாள். அப்போதுதான் அது நடந்தது. முகம் நகர்ந்தது. கட்டம் நகரவில்லை.

கண்டக்டரின் கன்னம் கட்டத்துக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தது. கன்னத்தோடு கூட ஒரு மச்சமும். கட்டைவிரல் அகலம். கட்டம் இருந்த இடத்திலேயே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, இப்போது பக்கத்து நாற்காலிக்காரரின் தோளை மறைத்தது. அவள் படத்தை இங்கும் அங்கும் இழுத்தாள். கூட்டம் முழுவதும் கட்டத்துக்கு அடியில் புகுந்து புகுந்து வெளியே வந்தது. கட்டம் யாரோடும் போகவில்லை.

போனை எடுத்து அதில் அதே படத்தைப் பார்த்தாள். கட்டமே இல்லை. மச்சம் இருந்தது.

"அத்தை," என்றாள். "கட்டம் படத்துல இல்ல. திரையில இருக்கு. அந்தக் கார்டு தப்பா வரையுது. நான் தட்டினதும் அந்த இடத்தைப் புதுசா வரைஞ்சிருக்கு, அதனால கட்டம் போயிடுச்சு. அடியில நான் மச்சத்தை அழிச்சிருக்கேன்."

இல்லாத கறையைத் துடைக்கப் போய் இருக்கிற மனிதரையே துடைத்திருக்கிறாள். வேறு எந்தத் தொழில் செய்கிறவளுக்கும் இப்படி ஒரு தப்புச் செய்யத் தெரிந்திருக்காது.

"அழறதுக்கு இப்ப நேரமில்ல. வேற போஸ்டர் போடு" என்றேன்.

"அழல அத்தை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

படத்தை மறுபடி வெட்டி இருட்டை ஏற்றினாள். அரைத் திரை கறுப்பானது. மவுஸை அசைத்தாள், முழுத் திரையும் கறுப்பானது. மென்பொருள் செத்துவிட்டது. மறுபடி திறந்தாள். பச்சைக் கோடுகள் ஆறுபோல் ஓட, அதன் நடுவே கண்டக்டர் பாதிக் கண்ணோடு பார்த்தார். பெரிதாக்கினாள், மறுபடி செத்தது. அவள் நெற்றி வேர்த்தது. வேர்க்கும், உளறுவார், அப்புறம் மயக்கம் என்று நர்ஸ் சொன்னது என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

என் மகனுக்குப் போன் போட்டேன். எந்த மாடியில் தொங்கினானோ, எடுத்துவிட்டான்.

"கார்டைக் கழட்டிடலாம்னா பெட்டியைத் திறக்கணும்" என்றான் விஷயத்தைக் கேட்டதும். "ஸ்க்ரூ டிரைவர் செட் என்கிட்ட இருக்கு. நான் வர்றதுக்குள்ள..."

"நீங்க வர வேண்டாம்" என்றாள் இவள். "கார்டு இருந்துட்டுப் போகட்டும். அதுகிட்ட வேலை கொடுக்காம இருக்க வழி சொல்லுங்க."

"உன் மென்பொருள்லயே இருக்கும் பாரு. பிரிஃபரன்ஸ் போ. அதுல பெர்ஃபார்மன்ஸ். கிராபிக்ஸ் பிராசசரைப் பயன்படுத்தவான்னு ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துடு. மூளையே வரையட்டும், மெதுவா வரையும், ஆனா பொய் வரையாது."

அவள் திரையில் அந்த அமைப்புப் பெட்டியைத் திறந்தாள். பெட்டி வந்தது. ஆனால் டிக் இருக்கவேண்டிய இடம் எங்கள் கறுப்புக் கட்டத்துக்கு நேர் அடியில்! நான் வாய்விட்டுத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவள் திட்டவில்லை. கட்டம் கண்ணாடியை விட்டு நகராது என்பது இப்போது அவளுக்குத் தெரியுமே. பெட்டியின் தலையைப் பிடித்துத் திரையின் ஓரத்துக்கு இழுத்தாள். கட்டத்துக்கு அடியிலிருந்து எழுத்து வெளியே வந்தது, அதன் பக்கத்தில் அந்த டிக்கும். எடுத்தாள். மென்பொருளை மூடினாள். மறுபடி திறந்தாள்.

திறக்கிற சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மகனின் போனில், எங்கோ லிஃப்டுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "இருங்க சார், வீட்ல அவசரம்" என்றான் அவன் அந்தப் பக்கம்.

படம் வந்தது. நத்தைபோல, மேலிருந்து கீழே பட்டை பட்டையாக. தலைமுடி, நெற்றி, கண். பிறகு கன்னம், மச்சம். கோடு இல்லை, கட்டம் இல்லை. அவள் படத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். மச்சம் முகத்தோடு போயிற்று, முகத்தோடு வந்தது.

பக்கத்திலேயே தான் முதலில் செய்த போஸ்டரையும் திறந்து பார்த்தாள். இடது கன்னத்தில் நெற்றித் தோல் ஒட்டியிருந்தது. வழவழவென்று, மயிர்க்கால் இல்லாமல், பலூனில் வெட்டிய துண்டுபோல. "எவ்வளவு அழகா பண்ணியிருக்கேன் பாருங்க" என்றாள். அப்படி ஒரு கசப்பை நான் அவள் வாயில் கேட்டதில்லை.

புதிய போஸ்டருக்கு முகத்தின் வெளிச்சத்தை ஏற்றும்போது நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ் மச்சத்துக்கு மேலே போய் நின்றது. பழக்கம்! அவள் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். மச்சத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். கீழே தடித்த எழுத்தில்: இடது கன்னத்தில் பெரிய கறுப்பு மச்சம். முதலில் வந்த படம் தவறு. இவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும், குடித்தவர் அல்ல, இனிப்பாக ஏதாவது கொடுங்கள்.

நர்ஸுக்கு, ஸ்டுடியோக்காரருக்கு, அந்தப் பாலத்து ஓட்டுநருக்கு, எல்லாருக்கும் அனுப்பினாள். நர்ஸ் பதில் சொல்லவில்லை. பார்த்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய கொடுமை. ஜன்னல் திரையை விலக்கி வைத்துக்கொண்டு இருவரும் தெருவைப் பார்த்தோம். எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரின் நிழல் நீண்டு எங்கள் வாசலைத் தொட்டது. தெருவிளக்கு எரிந்தது. ஒவ்வொரு பஸ் போகும்போதும் அவள் நிமிர்ந்தாள்.

"அவருக்கு ஒண்ணு ஆயிட்டா, அத்தை..."

"ஆகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. நான் பேச்சை மாற்றவும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மவுஸ் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன மணிக்கட்டு, சில்லென்று இருந்தது.

முழுக்க இருட்டுவதற்குள் போன் வந்தது. ஸ்டுடியோக்காரர். "தங்கச்சி, ஆள் கிடைச்சாச்சு. டெப்போவுல, நிறுத்தி வச்சிருந்த ஒரு பஸ்ஸுக்குள்ள. கண்ணைத் திறந்துட்டார். நர்ஸம்மா கூட இருக்கு."

மருமகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை என்று எழுதிக்கொள்கிறேன், அவள் கேட்டுக்கொண்டாள்.

அந்தக் கார்டை அன்றைக்கே என் மகன் கழற்றினான், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல். அதற்குப் பிறகு யார் முகத்திலும் மச்சத்தைத் தொடுவதற்கு முன்னால் அவள் போன் போட்டுக் கேட்கிறாள். ஸ்டுடியோக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். பருவுக்குக் கேட்பதில்லை, பரு அவள் பாடு. ஒரு கறை தென்பட்டால் தொடுவதற்கு முன் படத்தைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறாள். கூட வருகிறதா என்று.

கண்டக்டர் தேறி எழுந்ததும், புதிதாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகள் அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தாள். மருமகளையும் வரச் சொல்லியிருந்தாள். நானும் தொற்றிக்கொண்டேன். நர்ஸ் எங்களைப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் சிரித்துவிடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள். அவளால் அன்றைக்கு முடிந்தது அவ்வளவுதான். எங்களுக்கு அது போதும். கண்டக்டர் விளக்குகளுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்து, என் மருமகளைக் கூப்பிட்டுக் கன்னத்தைக் காட்டினார்.

"இதை மட்டும் எடுத்துடும்மா."

"முடியாதுங்க ஐயா."

"எல்லாரும் எடுப்பாங்களே."

"நான் எடுக்க மாட்டேன்."

அவர் கையை நீட்டி, "சரி, டிக்கெட் எடுத்தியா?" என்றார்.

இனி, அவரைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்லி முடிக்கிறேன். என் மருமகளின் இரண்டாவது போஸ்டர் டெப்போவின் வாசலில் ஒட்டப்பட்டது. அங்கே பஸ்களைப் பெருக்குகிற ஓர் அம்மாள் அதைப் பார்த்தாள். கையில் விளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி, ஒவ்வொரு இருக்கையாக வெளிச்சம் அடித்துக்கொண்டு போனாள். கடைசி பஸ்ஸின் கடைசி இருக்கையில் ஒரு முகம். விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். இடது கன்னத்தில் மச்சம்! "இவர்தான்" என்று அவள் போட்ட சத்தத்தில் டெப்போவில் நின்ற அத்தனை பஸ்களின் கண்ணாடிகளும் அதிர்ந்தன. வட்டம் போட்டுக் காட்டிய அந்த மச்சம்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது.

இவ்வளவையும் எழுதி மருமகளிடம் கொடுத்தேன். மானிட்டர் வெளிச்சத்திலேயே படித்தாள். கடைசிக்கு வந்ததும் தாளைத் திருப்பி என் கையில் வைத்தாள்.

"அந்தக் கடைசிப் பத்தியை அடிச்சிடுங்க அத்தை. அந்தம்மா போஸ்டரையே பார்க்கல. முதல்ல போனதையும் பார்க்கல, ரெண்டாவதையும் பார்க்கல. அவங்ககிட்ட போனும் இல்ல. எப்பவும்போல பெருக்க ஏறியிருக்காங்க, ஒரு ஆள் சாய்ஞ்சு கிடந்து டிக்கெட் டிக்கெட்டுனு முனகியிருக்கார். தூக்கி உக்கார வச்சு, தான் குடிக்க வச்சிருந்த டீயை ஊட்டி விட்டிருக்காங்க. அப்புறம் அந்தப் பக்கம் வந்த, அவரைப் பழக்கமான ஓட்டுநர் ஒருத்தர்தான் நர்ஸக்காவுக்குச் சொல்லியிருக்கார். நான் அவங்களை நேர்ல போய்ப் பார்த்துக் கேட்டேன். மச்சம் இருந்துச்சான்னு அவங்களுக்கு ஞாபகமே இல்ல."